மூன்றாம் பெட்டிக்கு விடை ஐந்து

அந்தப் பள்ளிக்கூடத்தில் மின்சாரத்துக்குப் பயப்படாத ஆள் ஒரே ஒருத்திதான். அவளுக்கு மின்சாரத்தைப் பற்றிப் பாடம் நடத்த அனுமதி இல்லை. அனுமதி உள்ள பிசிக்ஸ் சாரோ, ஆசிரியர் அறையில் மின்விசிறி சுவிட்சைக்கூடப் பேனாவின் பின்முனையால்தான் தட்டுவார்.

பயப்படாதவளின் பதவி ஆய்வக உதவியாளர். பெயர் லேப் அக்கா. பிள்ளைகள், ஆசிரியர்கள், தபால்காரர், ஏன், அவளைவிட ஒன்பது வயது மூத்த தலைமையாசிரியையே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒரு பள்ளிக்கூடமே தங்கையாக வாய்த்தால் என்ன நடக்கும்? எல்லோருடைய வேலையும் நம் தலையில் வந்து விழும். விழுந்தது. அவளும் இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு பார்த்தாள்.

பத்தாம் வகுப்பில் அவள் தோற்ற ஒரே பாடம் அறிவியல். இந்த விவரம் அவள் கொடுத்த விண்ணப்பத்திலேயே இருந்தது, யாரும் படிக்கவில்லை. அவளுக்கு முன்னால் இருந்த உதவியாளர் ஒருநாள் ஈரக்கையோடு எதையோ தொட்டுவிட்டு ஓடியவர், மேசை மேல் வைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை. அந்த அறைக்கு ஆள் கிடைத்தால் போதும் என்ற நிலையில் அக்காவுக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. வீட்டில் ஒரு வயதுக் குழந்தை. கணவர் வேலை பார்த்த அச்சகம் பூட்டிக் கிடந்தது. பயப்பட அவளுக்கு நேரம் ஒழியவில்லை.

முதல் வாரம் வீட்டு டார்ச் லைட்டைப் பிரித்துப் பாயில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். கணவர் தூர நின்று, எதையாவது தொட்டு வைக்காதே என்று அறிவுரை சொன்னார். இரண்டு மின்கலம், ஒரு பல்பு, ஒரு தகடு, ஒரு சுருள் கம்பி. தகட்டை நகர்த்தினால் எரிகிறது, விலக்கினால் அணைகிறது. பல்பைத் தொட்ட மின்சாரம் திரும்பி மின்கலத்தின் பின்பக்கம் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் சமாச்சாரம் என்று மூன்றாம் நாள் பிடிபட்டது. பின்னாளில் பிள்ளைகளுக்கு அதை ஒரே மூச்சில் சொல்வாள்: "போனது திரும்பி வரணும். திரும்பி வர வழி இல்லேன்னா அது போகவே போகாது." பிசிக்ஸ் சார் இதையே கரும்பலகையில் மூன்று வரைபடமும் ஒரு வரையறையுமாக நாற்பது நிமிடம் நடத்துவார். பிள்ளைகளுக்கு அக்கா சொன்னது நினைவில் நிற்கும். தேர்வில் சார் சொன்னதை எழுதுவார்கள்.

லேப் என்பது கட்டடத்தின் கடைசி அறை. மூன்று நீள மேசைகள், ஒவ்வொன்றிலும் இருவர் நிற்க இடம். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் அம்மீட்டர், வோல்ட்மீட்டர், மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட், நூல் சுற்றிய இணைப்புக் கம்பிகள். தினமும் காலையில் கம்பிகளின் நுனியை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது அவள் வழக்கம். நுனியில் அழுக்கு ஏறினால் மின்சாரம் நின்றுவிடும். பிள்ளைகள் பல்பைத் திட்டுவார்கள், சார் பிள்ளைகளைத் திட்டுவார். எந்தப் பல்பு எப்போது மூச்சை விடும், எந்த மீட்டரின் முள் தட்டினால்தான் நகரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஆறு மரப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கம்பிச் சுருள். மூடி அரக்கு வைத்து ஒட்டப்பட்டிருக்கும். தன் வழியாகப் போகிற மின்சாரத்திடம் அந்தச் சுருள் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஆண்டுத் தேர்வின் முக்கியச் சோதனை. கம்ப சூத்திரம் ஒன்றுமில்லை. மின்சாரம் ஓடும் பாதையிலேயே அம்மீட்டரைக் கோர்க்க வேண்டும். பெட்டியின் இரண்டு முனைகளிலும் பக்கவாட்டில் வோல்ட்மீட்டரை மாட்ட வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வருவது மின்தடை. அதை ஓம் என்ற அளவில் சொல்ல வேண்டும். இரண்டு வோல்ட்டுக்கு 0.4 ஆம்பியர் ஓடினால் ஐந்து ஓம். வகுத்தல் தெரிந்த எவரும் செய்துவிடலாம்.

ஆனால் எவரும் செய்வதில்லை. சாரிடம் நீல அட்டை போட்ட ஒரு விடைப் பதிவேடு இருந்தது. முதல் பெட்டி இரண்டு ஓம், இரண்டாவது பத்து, மூன்றாவது ஐந்து என்று ஆறுக்கும் விடை அதில் இருக்கும். அது பரம ரகசியம். அந்த ரகசியத்தை மேல்வகுப்புப் பிள்ளைகள் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தேர்வன்று பெட்டியின் எண்ணைப் பார்த்ததும் விடையை எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற அளவுகளைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு நிரப்புவார்கள். வரைபடத் தாளில் முதலில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுப்பார்கள். பிறகு அதன் மேல் புள்ளி வைப்பார்கள். எல்லாப் புள்ளியும் கோட்டிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சாருக்கு மனம் குளிர்ந்துவிடும். அவரும் அதே பள்ளியில் படித்தவர்தான்.

பதினாறு வருடங்களுக்கு முன், தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம், மூன்றாம் பெட்டி அக்காவின் கைதவறித் தரையில் விழுந்தது. அரக்கு தெறித்தது, உள்ளே இருந்த பழைய சுருள் நாலு துண்டாகிக் கிடந்தது. அப்போது அவள் தற்காலிகம். நூலகத்தில் இன்னொரு தற்காலிகம் உலக உருண்டையை உடைத்ததற்காக முந்தின மாதம்தான் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தாள். அக்கா தெருவைத் தாண்டி, இஸ்திரிப்பெட்டி பழுது பார்க்கும் கடைக்கு ஓடினாள். சூடேறும் கம்பியில் ஒரு துண்டு கேட்டாள். எவ்வளவு நீளம் என்று கடைக்காரர் கேட்டதற்கு, ஒரு சோப்புப் பெட்டிக்குள் அடங்குகிற அளவு என்றாள். அவர் மேலும் கேள்வி கேட்காத நல்ல மனிதர்.

கம்பியைச் சுற்றி, முனைகளைத் திருகி, மூடி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி ஒட்டிய பிறகுதான் அளந்து பார்த்தாள். இரண்டு வோல்ட்டுக்கு முள் 0.25இல் நின்றது. நாலு வோல்ட்டுக்கு 0.5. எட்டு ஓம். கம்பி நீளமாகிவிட்டது, எட்டில் மூன்று பங்கை வெட்டியெறிந்தால் ஐந்து வந்துவிடும் என்று அங்கேயே அவளுக்குப் புரிந்தது. ஆனால் காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நாளைக்கு அகப்பட்டுக்கொள்வோம், வேலை போகும், போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் மூன்றாம் பெட்டி இரண்டு பேருக்கு விழுந்தது. இருவருக்கும் ஐந்து ஓம். அதில் ஒருவன் சுற்றை இணைக்கும் சாவியைச் செருகவே மறந்திருந்தான். சுற்றில் மின்சாரமே ஓடவில்லை, முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. அவன் தாளில் 0.4 ஆம்பியர். முழு மதிப்பெண். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இரண்டு வருடத்தில் வேலை நிரந்தரமானது. அதன் பிறகு ஒரு மதிய இடைவேளை போதும், பெட்டியைத் திறந்து கம்பியை வெட்டிச் சரி செய்திருக்கலாம். அவள் செய்யவில்லை. முதல் வருடம் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களே என்று பயந்தாள். ஐந்தாம் வருடம் யாருமே கண்டுபிடிக்கவில்லையே என்று எரிச்சலானாள். பத்தாம் வருடத்தில் அது அவளுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. இத்தனை பேர் வருகிறார்கள், போகிறார்கள். டாக்டர் ஆனவர்கள் உண்டு, இன்ஜினீயர் ஆனவர்கள் உண்டு. மூக்குக்கு நேரே முள் 0.25 என்று காட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு ஆளாவது அதை நம்பியதுண்டா? ஒவ்வொரு வருடமும் தேர்வு முடிந்ததும் மூன்றாம் பெட்டிக்காரர்களின் தாளை எட்டிப் பார்ப்பாள். ஐந்து. அச்சு மாறாமல் ஐந்து. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மேசையைத் துடைப்பாள்.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். சீட்டைத் தொலைத்துவிட்டு முழிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் அவளுக்கு மனசு கேட்காது. துடைக்கும் துணியோடு பக்கத்தில் போய், விடைக்குத் தக்கபடி விரல்களை மேசையில் விரித்துக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். மூன்றாம் பெட்டி என்றால் ஐந்து விரல். அந்தப் பிள்ளைகளும் அளக்கவில்லை என்று அப்புறம் அவளே குறைப்பட்டுக்கொள்வாள்.

அந்த ஒரு வயதுக் குழந்தை வளர்ந்து அதே பள்ளியில் கடைசி வகுப்புக்கு வந்து சேர்ந்தது. மகளுக்குப் பிடிவாதம் அம்மாவிடமிருந்து வந்தது, கேள்வி கேட்கிற குணம் யாரிடமிருந்து வந்தது என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் அவளும் அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள். பாலிடெக்னிக்கில் மின்சாரப் பிரிவில் சேர வேண்டும் என்பது அவள் கனவு. அதற்குச் செய்முறைத் தேர்வில் தேறியாக வேண்டும். அதில் தோற்றால் மற்றப் பாடங்களில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அந்த வாசலை மிதிக்க முடியாது.

ஆகவே மகளுக்குத் தேர்வு வந்த காலையில் அக்கா முதல் வேலையாக மூன்றாம் பெட்டியை அலமாரிக்குள் துடைக்கும் துணி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அவளுடைய நீண்ட காலப் பரீட்சைக்குப் பிற வீட்டுப் பிள்ளைகள் போதும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. ஐந்து இடங்களில் ஐந்து பெட்டிகளை வைத்துவிட்டு, ஆறாவது பழுது என்று சொல்லத் தயாராக நின்றாள். பிசிக்ஸ் சார் வந்து எண்ணிப் பார்த்தார். வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், பஸ் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் குறை தெரியக் கூடாது என்று சார் தானே அலமாரியைக் குடைந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த அலமாரிக்குள் கை விட்டவர், முதல் வீச்சிலேயே மூன்றாம் பெட்டியைக் கண்டுபிடித்து ஆறாவது இடத்தில் வைத்தார். பிள்ளைகள் இட எண்ணுக்குச் சீட்டு எடுத்தார்கள். மகள் எடுத்த சீட்டில் ஆறு.

மகள் சுற்றை அழகாகக் கட்டினாள். அதில் அக்காவுக்கு ஒரு கணம் பெருமைதான். சாவியைச் செருகினாள், ரியோஸ்டாட்டை நகர்த்தினாள், முள்ளைப் பார்த்தாள், எழுதினாள். வகுத்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி கட்டினாள். மறுபடி அதே அளவு. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் கோடு போட்டு முடித்துப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். துண்டுச்சீட்டு மகளிடமும் வந்திருந்தது. ஐந்து என்று அவளுக்குத் தெரியும்.

அக்கா துணியோடு மேசைப் பக்கம் போனாள். போக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, கால்கள் போயின. மேசையைத் துடைத்தாள். ஐந்து விரலையும் விரித்தாள். மகள் அந்தக் கையைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள், பிறகு இல்லை என்று தலையை லேசாக ஆட்டிவிட்டு எட்டு என்று எழுதினாள்.

சார் வந்து தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கெட்டவர் இல்லை, தன் மாணவி தோற்கக் கூடாது என்றுதான் பாடுபட்டார். கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார், கணக்கு சரி. அம்மீட்டரை மாற்றச் சொன்னார், எட்டு. கம்பிகளை இறுக்கச் சொன்னார், எட்டு. மின்கலம் பலவீனமாக இருக்கும் என்றார். மின்கலம் பலவீனமானால் வோல்ட்டும் ஆம்பியரும் சேர்ந்துதான் குறையும், வகுத்தால் அதே எட்டுதான் வரும் என்று மகள் பணிவாகச் சொன்னாள். அந்த அறையில் இருந்த சகலத்தின் மேலும் சார் சந்தேகப்பட்டார், பெட்டியைத் தவிர. கடைசியில், இத்தனை வருஷமாக எல்லோரும் ஐந்துதான் எழுதியிருக்கிறார்கள் என்றார்.

"எழுதியிருக்காங்க சார். அளந்தாங்களா?" என்றாள் மகள்.

தேர்வாளர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். பதிவேட்டைப் புரட்டினார். மூன்றாம் பெட்டி, ஐந்து. இவ்வளவு தூரம் தப்பினால் விடைக்கும் மதிப்பெண் இல்லை, அளவுகளுக்கும் இல்லை, மொத்தத்தில் தேறவில்லை என்று விளக்கிவிட்டுச் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"பெட்டிக்குள்ள இருக்கறது எட்டுதான் சார்," என்றாள் அக்கா. "உள்ளே இருக்கற கம்பியை நான்தான் மாத்தினேன்."

பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். சார் தானே அளந்து பார்க்கிறேன் என்று முன்வந்தார். பதற்றத்தில் வோல்ட்மீட்டரைப் பக்கவாட்டில் மாட்டாமல் பாதையிலேயே கோர்த்துவிட்டார். அது தன் வழியாக மின்சாரத்தை லேசில் விடாது. அம்மீட்டரின் முள் பூஜ்யத்திலிருந்து அசையவில்லை. அவர் முள்ளைப் பார்த்தார், முள் அவரைப் பார்த்தது. அக்கா இரண்டு கம்பிகளை மாற்றிக் கட்டினாள். 0.25. தேர்வாளர் தன் கையாலேயே வகுத்துப் பார்த்தார். எட்டு. அப்போதுதான், எப்போது மாற்றினாய் என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். பிறகு மூவரும் தலைமையாசிரியை அறைக்குப் போனார்கள்.

தலைமையாசிரியை கம்பியைப் பற்றிக் கவலைப்படவில்லை. பதினாறு வருடத்து விடைத்தாள்கள், பதினாறு வருடத்துக் கையெழுத்துகள், அவற்றில் ஆறு வருடத்துக் கையெழுத்து அவருடையது. பெட்டி அப்போதிலிருந்தே தப்பு என்றால் அத்தனையும் தப்பு. அத்தனையும் தப்பாக இருக்க முடியாது. ஆகவே பெட்டி நேற்றுவரை ஐந்தாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று அவர் தர்க்கரீதியாக முடிவுக்கு வந்தார். தேர்வாளர் ஆமோதித்தார். சார் ஜன்னலைப் பார்த்தார்.

"அக்கா, பதினாறு வருஷம்னு நீங்க சொல்றது உண்மையாவே இருந்தாலும், அதை வச்சுக்கிட்டு நாங்க எங்கே போறது?" என்றார் தலைமையாசிரியை, உண்மையான வருத்தத்தோடு.

வழி இரண்டுதான். பதினாறு வருடம் என்று அக்கா சாதித்தால் மேலிடத்துக்கு எழுத வேண்டும், விசாரணை வரும், அது முடியும்வரை மகளின் முடிவை நிறுத்தி வைப்பார்கள். பாலிடெக்னிக் இந்த வருடம் இல்லை, அடுத்த வருடமும் நிச்சயமில்லை. இன்று காலைதான் கைதவறி விழுந்தது, யாரிடமும் சொல்லாமல் கம்பியை மாற்றிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், மகள் எழுதிய எட்டு செல்லும். அக்காவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும், லேப்பிலிருந்து அலுவலகத்துக்கு மாற்றமும். உண்மையான எட்டைக் காப்பாற்ற ஒரு பொய்த் தேதி வேண்டியிருந்தது. அக்கா பேனாவை வாங்கி, இன்று காலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் அழுகை வந்தது. கம்பி நுனிகளை இனி யார் தேய்ப்பார்கள் என்று நினைத்து அழுதாள்.

அதற்குள் காரியங்கள் மளமளவென்று நடந்தன. தேர்வாளர் பதிவேட்டில் ஐந்தை அடித்து எட்டு என்று சிவப்பு மையில் திருத்தி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். சார் மூன்றாம் பெட்டியைத் தூக்கிப் பூட்டி வைத்துவிட்டு, இரண்டு வருடமாகப் பிரிக்காமல் கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்து புத்தம் புதிய பெட்டி ஒன்றை எடுத்து, அதன் மேல் மூன்று என்று எண் ஒட்டினார். புதிய பெட்டியில் தயாரித்தவர்கள் ஒட்டிய சீட்டு அடிப்பக்கத்தில் இருந்தது: ஐந்து ஓம். யாரும் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் பெட்டி இப்போது எட்டு என்ற செய்தி மதிய இடைவேளைக்குள் மரத்தடியில் காத்திருந்த பிற்பகல் பிள்ளைகள் எல்லோருக்கும் காதும் காதும் வைத்தாற்போல் போய்ச் சேர்ந்தது. லேப்புக்குள் நுழையக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அக்கா வராந்தாவில் உட்கார்ந்து விடைத்தாள் கட்டுகளைத் துணி உறையில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பிற்பகல் கட்டில், புதிய பெட்டி விழுந்த பையனின் தாள் மேலேயே இருந்தது. எட்டு ஓம். நூல் பிடித்தாற்போல் நேர்க்கோடு, அதன் மேல் ஆறு புள்ளிகள். முப்பதுக்கு முப்பது. காலைக் கட்டில் மகளின் தாளைத் தேடி எடுத்தாள். ஒரு புள்ளி கோட்டிலிருந்து சற்றே விலகியிருந்தது; அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மாவும் மகளும் சேர்ந்து நடந்தார்கள். இரும்புக் கடைகளைத் தாண்டியதும் மகள் கேட்டாள்.

"எத்தனை நாளாம்மா அது எட்டு?"

"நீ நடக்கப் பழகின வருஷத்துல இருந்து."

"ஒருத்தர்கூடவா அளக்கலை?"

"நீதான் முதல்." எவ்வளவு காலம் காத்திருந்தாள், யார் யாரைச் சபித்தாள் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தாள். மகள் விடவில்லை.

"எட்டுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்ச ஒரே ஆள் நீதான். அப்புறம் எதுக்கு எனக்கு அஞ்சு காட்டினே?"

பழக்கம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "எட்டுன்னு எழுதினா நீ தோத்துடுவேன்னும் எனக்குத் தெரியும்," என்றாள்.

"தோக்கலையே."

"தோக்கலைதான்."

உண்மையை எழுதினால் ஜெயிக்கலாம் என்று மகள் நம்பிக்கொண்டு நடந்தாள். இன்று காலைதான் மாற்றினேன் என்று எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பற்றி அக்கா வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அலுவலகத்தில் வேலை, மணி அடிப்பதும் தபால் கொண்டுபோவதும்தான் என்று மட்டும், பதவி உயர்வு கிடைத்தவள் மாதிரிச் சொன்னாள்.